பாய்மரப் படகு தரை தட்டினால்: டர்பன் குடாவில் படகோட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன் துறைமுகத்தின் உட்குடாவில் வார இறுதிகளில் பாய்மரப் படகு ஓட்டும் தமிழ்க் குடும்பங்கள் அதிகமில்லை. இருப்பவர்களில் எவருடைய படகாவது தரை தட்டிவிட்டால், அன்றிரவே எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். நானும் ஒருமுறை குடாவின் நடுவிலுள்ள மணல்திட்டில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் என்பதே அதற்குக் காரணம். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

படகு தட்டிவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பாயைத் தளர்த்தி, எஞ்சினை நியூட்ரலில் வைத்து, படகில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். யாருக்கேனும் அடிபட்டிருக்கிறதா, தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் தண்ணீர் ஏறுகிறதா என்ற இரண்டும் தெரியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். ஓடும் படகு திடீரென நிற்கும்போது, உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தவர் அடுப்பின்மேல் விழுந்திருக்கக்கூடும். மேலே நிற்பவருக்கு அது தெரியாது.

அதன்பின் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: நீர் ஏறுகிறதா, வற்றுகிறதா? ஏறுகிறதென்றால் அவசரப்படத் தேவையில்லை. டிங்கி எனும் சிறு துணைப்படகில் நங்கூரத்தை ஏற்றிக்கொண்டு போய் ஆழமான பக்கத்தில் போட்டு, வடத்தை இறுக்கிக் கட்டிவிட்டுக் காத்திருங்கள். அந்த நங்கூரம் இல்லாவிட்டால், நீர் ஏற ஏறக் காற்று உங்களை இன்னும் மேலே திட்டின்மீது தள்ளிக்கொண்டே போகும். மிதக்கும் தறுவாயில் பார்த்தால் முதலில் தட்டிய இடத்திலிருந்து முப்பது மீட்டர் உள்ளே இருப்பீர்கள்.

வற்றுகிறதென்றால் உங்கள் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான்.

அது எத்தனை நிமிடம் என்று எப்படிக் கணக்கிடுவது?

டர்பனில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீர் ஏறும். ஆறு மணி நேரம் வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் உள்ள வேறுபாடு 1.8 மீட்டர் வரை போகும். இந்த 1.8 மீட்டரைப் பன்னிரண்டு பங்காக்கினால் ஒரு பங்கு 15 சென்டிமீட்டர். உயர்நீருக்குப் பின் முதல் மணியில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரண்டும், மூன்றிலும் நான்கிலும் மும்மூன்றும், ஐந்தில் இரண்டும், ஆறில் ஒன்றும் இறங்கும் என்பது மாலுமிகளின் வாய்ப்பாடு. அதாவது முதல் ஒரு மணி நேரம் முழுவதும் இறங்குவது ஒரு சாண் அளவுகூட இல்லை. மூன்றாம் மணியிலோ 45 சென்டிமீட்டர் போய்விடும். உயர்நீர் முடிந்து கால்மணி நேரத்தில் தட்டியவருக்கு முயன்று பார்க்க நேரம் உண்டு. இரண்டரை மணி கழித்துத் தட்டியவர், படகு சாயும் முன் அதற்கு அடியில் மெத்தை வைக்கும் வேலையைத் தொடங்குவதே நல்லது.

பஞ்சாங்கம் பார்த்தே ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதை, சொல்ல முடியும் என்கிறார்களே, உண்மையா?

நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்ல முடியாது. அதற்கு ஓத அட்டவணைதான் வேண்டும். ஆனால் எந்த நாள் எப்படியிருக்கும் என்பதை நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே சொல்லிவிடும். அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்த ஓரிரு நாட்களில் பெரிய ஓதம். அட்டமியை ஒட்டிய நாட்களில் சிறிய ஓதம். சிறிய ஓத நாட்களில் வேறுபாடு அரை மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆண்டிலேயே மிகப் பெரிய ஓதங்கள் சம இரவு நாட்களை ஒட்டி, பங்குனி, புரட்டாசி மாதங்களில் வரும். டர்பனில் பெரிய ஓத நாட்களின் உயர்நீர் அதிகாலை 4 மணியையும் பிற்பகல் 4 மணியையும் ஒட்டியே வரும். தாழ்நீர் காலையிலும் இரவிலும் 10 மணி வாக்கில். குடாவில் வலை இழுத்துப் பிழைத்த என் தாத்தா இதைக் கடிகாரமே இல்லாமல் சொல்வார்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. பௌர்ணமிக்கு மூன்று நாள் கழித்து, உயர்நீரின் உச்சியில், நல்ல வேகத்தில் திட்டின்மேல் ஏறிவிட்டால், அடுத்து வரும் உயர்நீர் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைவாகவே இருக்கும். பன்னிரண்டு மணி நேரக் காத்திருப்பு பன்னிரண்டு நாளாக நீளலாம். புது இடத்தை எட்டிப் பார்க்கும் ஆசை வந்தால், நீர் பாதி ஏறிய நேரத்தில் போங்கள். தட்டினாலும் நீரே தூக்கிவிடும்.

எஞ்சினை ரிவர்ஸில் முழு வேகத்தில் போட்டால் வந்துவிடாதா?

சில சமயம் வரும். ஆனால் முதல் அரை நிமிடத்தில் வராவிட்டால் அதற்குப் பின்னும் வராது. பெரும்பாலான பாய்மரப் படகுகளில் ரிவர்ஸில் ஓடும் விசிறி, மணலை வாரிக் கீலின், அதாவது படகின் அடியில் இறங்கும் கனத்த தகட்டின், பக்கமாகவே கொட்டும். அதே நேரத்தில், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்க்குழாய் அந்தக் கலங்கலை உறிஞ்சும், வடிகட்டி அடைபடும், நீரிறைக்கும் பம்பின் ரப்பர் சக்கரம் தேயும், சூட்டு அலாரம் அலறும்.

நான் செய்தது இதேதான். ஒரு சனிக்கிழமை மாலை 4 மணி, மறுநாள் பௌர்ணமி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வந்திருந்த மைத்துனர் குடும்பத்துக்குக் கப்பல்களை அருகில் காட்டும் ஆசையில், மிதவை காட்டிய வழியை விட்டுக் குறுக்கே திரும்பினேன். தட்டியதும் பத்து நிமிடம் ரிவர்ஸில் உறுமவைத்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் படகு ஒரு அடிகூட நகரவில்லை; எஞ்சின்தான் நின்றது. வடிகட்டியைக் கழற்றியபோது உள்ளே சாம்பல் நிறச் சேறு, புட்டுக் குழலில் மாவை அடைத்தது போல இறுகியிருந்தது.

அப்படியானால் எப்படித்தான் விடுவிப்பது?

வந்த வழியே திரும்புவதுதான் அடிப்படை. வந்த வழியில் ஆழம் இருந்தது உறுதி. முன்னால் இருப்பது ஊகம். படகின் முன்பக்கமான அணியத்தை வந்த திசைக்குத் திருப்ப முடிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆழ்நீரில் போட்ட நங்கூரத்தின் வடத்தை வின்ச் எனும் இழுவை உருளையில் சுற்றி மெல்ல மெல்ல இறுக்குங்கள். தாண்டிப் போகும் ஒரு கப்பல் இழுவைப் படகு எழுப்பும் சிற்றலையில் படகு ஒரு கணம் எழும்பும்போது அந்த வடம் சும்மா இருக்காது.

அடுத்தது படகைச் சாய்ப்பது. ஒற்றைக் கீல் உள்ள படகில் எல்லோரும் ஒரே பக்கம் போய், துணிச்சலுள்ள இருவர் பாயின் கீழ்க்கழியில் தொங்கி, கழியை வெளியே தள்ளினால் படகு சாயும். 1.6 மீட்டர் ஆழம் இறங்கும் கீல், 20 பாகை சாய்வில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மேலெழும். முதல் ஒரு மணி நேரத்தில் வற்றும் நீர் 15 சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பத்தின் மதிப்பு புரியும். இரட்டைக் கீல் படகில் இதைச் செய்யாதீர்கள். அதைச் சாய்த்தால் ஒரு கீல் இன்னும் ஆழமாக இறங்கும். கட்டமரானைச் சாய்க்கும் பேச்சே இல்லை.

கடலடி பாறையாக இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள். ஓட்டை விழுந்த படகைப் பாறையிலிருந்து ஆழ்நீருக்கு இழுத்தால் அது அங்கே மூழ்கும். பாறைமேல் இருக்கும்வரை, அமர்ந்திருக்கவாவது இடம் இருக்கும்.

வேறு படகு வந்து இழுத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளலாமா?

ஒப்புக்கொள்ளலாம், கயிறு கைமாறும் முன் பேசிவிடுங்கள். வருபவர் நட்புக்காக இழுக்கிறாரா, கட்டணத்துக்கா, கடல் மீட்பு உரிமை கோரப்போகிறாரா என்பதைப் படகிலுள்ள எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள். 1989ஆம் ஆண்டின் பன்னாட்டு மீட்பு உடன்படிக்கைக்குத் தென்னாப்பிரிக்காவில் 1996ஆம் ஆண்டின் சிதைகலம் மற்றும் மீட்புச் சட்டம் சட்டவலு தந்திருக்கிறது. அதன்படி, ஆபத்திலிருந்த படகைப் பயனுள்ள வகையில் மீட்டவர் வெகுமதி கோரலாம். அந்தத் தொகை மீட்கப்பட்ட பொருளின் மதிப்பைத் தாண்டக் கூடாது. பயன் விளையாவிட்டால் பொதுவாக வெகுமதியும் இல்லை. காப்பாற்றப்பட்ட மனிதர் தம் உயிருக்காக எதுவும் தர வேண்டியதில்லை. உங்கள் கயிற்றைக் கொடுத்தால் மீட்பு உரிமை வராது என்று படகுத்துறையில் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போகாதீர்கள். தொகையை முன்னரே பேசி முடித்ததற்குச் சாட்சி இருப்பதே பாதுகாப்பு.

கயிற்றை ஒரே கிளீட்டில் (கயிறு கட்டும் முளையில்) கட்டாதீர்கள். இரண்டு மூன்று வலுவான இடங்களுக்குச் சுமையைப் பிரித்துக் கட்டி, இழுக்கும்போது கயிற்றின் நேர்கோட்டில் யாரையும் நிற்கவிடாதீர்கள். நைலான் வடம் ரப்பர் போல நீளும். கிளீட் பிடுங்கிக்கொண்டால் அது கவண்கல் போல வரும்.

எப்போது உதவி கேட்டு அழைக்க வேண்டும்?

உயிருக்கு ஆபத்தென்றால் விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் மேடே என்று அழையுங்கள். ஆபத்து இன்னும் வரவில்லை, ஆனால் வரக்கூடும் என்றால் பான்-பான். உட்குடாவில், காற்றில்லாத மாலையில், மணலில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டுமே தேவைப்படாமல் போகலாம். ஆயினும் துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிடுங்கள். பெருங்கப்பல்கள் போகும் வழிக்கு அருகே விளக்கேற்றிய ஒரு பாய்மரம் அசையாமல் நின்றால், அது எதற்கென்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிக்கடல் வேறு. அலைமுறிவுப் பகுதியில் கடற்கரை மணலில் தட்டிய படகுக்கு, ஓதத்தின் கணக்கு உதவாது. ஒவ்வொரு அலையும் அதைத் தூக்கிக் கீழே போடும். அங்கே தட்டியவுடன் மேடே சொல்லுங்கள். 1967இல் தொடங்கப்பட்ட தேசியக் கடல் மீட்பு நிறுவனம் தன்னார்வலர்களால் நடப்பது. ஞாயிறு சாப்பாட்டை விட்டு வருபவர்கள் அவர்கள். பொழுது சாயும் முன் அழைப்பது அவர்களுக்கும் நல்லது. படகு உடையாத வரையில் அதிலேயே இருங்கள். கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறதே என்று அலைக்குள் குதித்தவர்களே பெரும்பாலும் அடிபடுகிறார்கள்.

இரவு முழுக்க மணலில் இருக்க வேண்டுமானால்?

படகு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை நீர் தீர்மானிக்கும் முன் நீங்கள் தீர்மானியுங்கள். திட்டின் மேடான பக்கமாகச் சாய்ந்தால், மேல்தளம் அலைக்கு முதுகு காட்டும், சாய்வும் குறையும். பள்ளமான பக்கம் சாய்ந்தால், நீர் திரும்ப ஏறும்போது படகு எழும்பும் முன் தளத்துக்குள் புகுந்துவிடும். உடல் மண்ணில் படப்போகும் இடத்துக்குக் கீழே மெத்தைகள், ஃபென்டர்கள் எனும் பக்கத் தடுப்பு உருளைகள், சுருட்டிய பாய் என எது இருந்தாலும் திணியுங்கள். சமையல் எரிவாயுவை மூடுங்கள், கடல்நீர்க் குழாய்களை, குறிப்பாகக் கழிப்பறைக் குழாயை, மூடுங்கள், பேட்டரியைக் கட்டுங்கள்.

நங்கூர விளக்கை ஏற்ற வேண்டும். தரை தட்டிய கலம் பகலில் மூன்று கரிய பந்துகளும், இரவில் நங்கூர விளக்கோடு இரண்டு செவ்விளக்குகளும் காட்ட வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல்மோதல் தவிர்ப்பு விதி. 12 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்குப் பந்துகளிலிருந்தும் செவ்விளக்குகளிலிருந்தும் விலக்கு உண்டு. நங்கூர விளக்கிலிருந்து இல்லை.

அன்றிரவு 10 மணிக்கு நான் டார்ச்சோடு இறங்கி, முழங்கால் நனையாமல் என் படகைச் சுற்றி நடந்தேன். கீல் உழுதுவந்த தடம், ஏர்ச்சால் போல நேராகப் பின்னால் போய் நீரில் மறைந்தது. அதற்குள்ளாகவே சிறு நண்டுகள் அந்தத் தடத்தில் குடியேறியிருந்தன. சாய்ந்து கிடக்கும் படகுக்குள் யாரும் தூங்க முடியாது. மைத்துனரின் மகள் மட்டும் சுவரைத் தரையாக்கிப் படுத்து நன்றாகத் தூங்கினாள். 4 மணிக்கு, பௌர்ணமியை நெருங்கிய ஓதமாதலால் முந்தையதைவிடச் சற்று உயர்ந்தே வந்த நீர், எங்களைச் சத்தமின்றித் தூக்கிவிட்டது.

மின்னணு வரைபடம் இருக்கும் காலத்திலும் எப்படித் தட்டுகிறார்கள்?

அதை நம்பித்தான் தட்டுகிறார்கள். 2014 நவம்பர் 19 அன்று கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குப் புறப்பட்ட வால்வோ ஓஷன் ரேஸ் என்ற, உலகைச் சுற்றும் பாய்மரப் போட்டியின் படகுகளில் ஒன்றான வெஸ்டாஸ் விண்ட், பத்தாம் நாள் இரவு மொரிஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்காடோஸ் கராஹோஸ் பவளத் திட்டில் முழு வேகத்தில் ஏறியது. உலகின் தேர்ந்த மாலுமிகள் உட்பட ஒன்பது பேர் அதில் இருந்தார்கள். வரைபடத்தில் அந்தத் திட்டு இல்லாமலில்லை; பெரிய பரப்பைக் காட்டும் அளவில் திரையை வைத்திருந்ததால், ஆபத்தின் உருவம் கண்ணில் படவில்லை. சுக்கான்கள் உடைந்தன. உயிர் எதுவும் போகவில்லை. போட்டியிலிருந்த மற்றொரு படகு தன் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அருகில் காவல் நின்றது. சிதைந்த படகை மீட்டு, இத்தாலியில் ஏறக்குறைய புதிதாகக் கட்டி, 2015 ஜூனில் போட்டியின் கடைசிக் கட்டங்களுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எனவே, பயணம் புறப்படும் முன் போகும் பாதை முழுவதையும் ஒருமுறை பெரிதாக்கி, விரல் நுனியால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

இருக்குமிடம் பற்றிய தவறான உறுதி புதிய நோயல்ல. சென்னையிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த குரோவ்னர் என்ற கப்பல், 1782 ஆகஸ்ட் 4 அதிகாலையில் நமக்குத் தெற்கே பொண்டோலாந்துக் கரையில் மோதியதும், கரை வெகுதொலைவில் இருக்கிறது என்று தலைவன் நம்பியதால்தான். டர்பன் துறைமுகத்தின் நுழைவாயே ஒரு காலத்தில் மணலால் அடைபட்டிருந்தது. 1860 நவம்பரில் நம் முன்னோரைச் சென்னையிலிருந்து ஏற்றிவந்த ட்ரூரோ போன்ற கப்பல்கள் அந்த மணல்தடைக்கு வெளியே நின்றன. ஆர்மடேல் காசில் போன்ற பெரிய தபால் கப்பல் உள்ளே வர 1904 வரை தோண்ட வேண்டியிருந்தது. இன்றும் அந்த வாய் தோண்டித்தான் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. மணல் நகரும், சென்ற ஆண்டு ஆழமாக இருந்தது என்பது இந்த ஆண்டுக்குச் சான்றாகாது.

மிதந்துவிட்டது; கசிவில்லை. இத்துடன் முடிந்ததா?

இல்லை. அன்றே தரைப்பலகையைத் தூக்கி, அடியில் நிற்கும் நீரை விரலால் தொட்டுச் சுவையுங்கள்: உப்பில்லையென்றால் குடிநீர்த் தொட்டி கசிகிறது, உப்பென்றால் கடல் வருகிறது. சுக்கானை இரு பக்கமும் முழுவதும் திருப்புங்கள். நடுவில் எங்காவது இறுகினால் தண்டு வளைந்திருக்கிறது.

அதன்பின் படகை நீரிலிருந்து தூக்கியே ஆக வேண்டும். கீலின் அடிநுனி மணலில் இடிக்கும்போது, நெம்புகோல் போல அதன் பின்விளிம்பு படகின் அடிப்பாகத்தை மேலே தள்ளும். முன்விளிம்பு பிரியப் பார்க்கும். ஆகவே வெளியே கீலும் உடலும் சேரும் இடத்தில் முன்பக்க மயிரிழைப் பிளவையும், உள்ளே பின்பக்கப் போல்ட்டுகளைச் சுற்றிய விரிசலையும், குறுக்குச் சட்டங்கள் ஃபைபர் கிளாஸிலிருந்து பெயர்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். படகைச் சோதிக்கும் சர்வேயர் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பெயர்ந்த இடம் பூசணிக்காயைத் தட்டியது போல மொத்தென்று கேட்கும். 2014 மே மாதம் வட அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபீக்கி என்ற படகின் கீல் கழன்று நால்வர் இறந்தார்கள். முந்தைய தரை தட்டல்களும் அவற்றுக்குப் பின் நடந்த பழுதுபார்ப்பும் சேர்ந்து அதன் கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரித்தானிய விசாரணை அறிக்கை கூறியது. எல்லாம் மெல்லிய தட்டல்கள்தான் என்று அப்போது நினைத்திருப்பார்கள்.

நான் அன்று படகைத் தூக்கவில்லை. விடிந்து படகுத்துறைக்கு வந்ததும் கேட்டவர்களிடம், இரவு மீன்பிடிக்கத் தங்கினோம் என்று சொன்னேன். ஆறு மாதம் கழித்து வண்ணம் பூசத் தூக்கியபோது, பின்பக்கப் போல்ட் இரண்டைச் சுற்றிக் கை அகலத்துக்கு விரிசல் இருந்தது. அந்த ஆறு மாதத்தில் குழந்தைகளோடு இரண்டுமுறை ரிச்சர்ட்ஸ் பே வரை போய் வந்திருந்தோம்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எப்போது சொல்ல வேண்டும்?

அன்றே. நீங்கள் தாமதித்த ஒவ்வொரு நாளும், சேதம் அன்றுதான் நேர்ந்தது என்று நிறுவுவதைக் கடினமாக்கும். என் ஆறு மாத மௌனத்துக்குப் பின் நான் கேட்ட இழப்பீடு கிடைக்கவில்லை; அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. நேரம், இடக்குறியீடு, காற்று, ஆழமானி காட்டிய அளவு, யார் சுக்கானில் இருந்தார் என்பவற்றைப் பதிவேட்டில் எழுதி, மணலில் கிடக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். ஜிபிஎஸ் தடத்தை அழிக்காதீர்கள். சேதம் பெருகாமல் தடுக்கும் நியாயமான செலவை நீங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும். நிரந்தரப் பழுதுபார்ப்பை மட்டும் அவர்களின் சர்வேயர் பார்க்கும்வரை தொடங்காதீர்கள். தரை தட்டிய பின் அடிப்பாகத்தைப் பார்ப்பதற்காகவே தூக்கிய செலவை, சேதம் எதுவும் இல்லாவிட்டாலும் ஏற்கும் விதி பல படகுக் காப்பீடுகளில் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்துக்கும் விபத்தைத் தெரிவியுங்கள்.

படகை விற்கும்போது இதைச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். இருப்பது இருந்தபடி என்ற பொருளில் ஒப்பந்தத்தில் ஃபுட்ஸ்டூட்ஸ் என்று எழுதிவிட்டால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். மறைந்திருக்கும் குறையை அறிந்தே, ஏமாற்றும் எண்ணத்தோடு ஒளித்த விற்பனையாளரை அந்தச் சொல் காக்காது. நான் என் படகை விற்கும்போது, மணலில் சாய்ந்து கிடந்த படத்தையும் கீல் போல்ட் மாற்றிய ரசீதையும் ஒரே உறையில் போட்டு மேசைமேல் வைத்தேன். வாங்க வந்தவர் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தானும் அதே திட்டில் இரண்டுமுறை இருந்ததாகச் சொன்னார். பிறகு ரசீதை எடுத்துப் போல்ட்டுகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்தார்.